மாரிக்கு முன் வீட்டுத்தோட்டம்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் கரையோரத்தில் தஞ்சமடைந்தவர்களில் பலர் கற்பிட்டியின் மிளகாய், வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்தார்கள். மணலில் பயிர் வளர்த்த அந்த அனுபவம், ஊர் திரும்பும் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒக்டோபர் மழைக்கு முன்னரே ஆயத்தமாகுங்கள்.

1. காணி: கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தாத காணியில் மண்வெட்டி வைக்க வேண்டாம்; பற்றைக்குத் தீ மூட்டவும் வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள்.

2. கிணறு: நெடுநாள் பாவிக்காத கிணற்றில் நச்சுவாயு இருக்கலாம், அவசரப்பட்டு இறங்காதீர்கள். நீரை இறைத்துத் துப்புரவாக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, பரிசோதித்த பின்னரே குடியுங்கள்.

3. நாற்று: செப்டெம்பர் தொடக்கத்தில் மிளகாய், கத்தரி விதைகளை நாற்றுமேடையில் இடுங்கள். நாலைந்து வாரத்தில் நடலாம். வெண்டி, பயிற்றை, பூசணி விதைகளை மழை தொடங்கியதும் நேரே ஊன்றலாம். எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல் பாதியை வைத்திருங்கள். முதல் மழை ஏமாற்றினால் உதவும்.

4. பாத்தி: 3 அடி அகலத்தில் உயர்த்திக் கட்டி, நன்கு மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு கலவுங்கள். பச்சைச் சாணி நாற்றைக் கருக்கும்.

5. உரம்: மணலில் அளவுக்கு மீறிப் போடும் யூரியா, நீரோடு கிணற்றுக்கே இறங்கும். கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

பாத்தி ஓரத்தில் கொஞ்சம் கீரை விதையும் தூவுங்கள். ஒரு மாதத்துக்குள் சொந்தக் காணியின் முதல் கறி சட்டிக்கு வரும்.