குழாய் எடுக்கும் நாளில் பட்டினி எவ்வளவு நேரம்?

செயற்கைச் சுவாசத்திலிருக்கும் குழந்தைக்குச் சுவாசக் குழாயை எடுக்கும் நாளில், மூக்குவழிக் குழாயில் செல்லும் பால் முன்னதாகவே நிறுத்தப்படுகிறது. "பிள்ளையை ஏன் பட்டினி போடுகிறீர்கள்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே.

குழாயை எடுத்தபின் தொண்டை வீங்கியோ மூச்சுத் திணறியோ மீண்டும் குழாய் பொருத்த நேரலாம். அவ்வேளையில் இரைப்பையில் பால் இருந்தால், அது மேலேறி நுரையீரலுக்குள் செல்லும் அபாயம் உண்டு. வீட்டில் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும். மயக்க மருந்தின் தாக்கம் நீங்காத குழந்தைக்கு அவ்வலிமை குறைவு.

எனினும் கடிகாரத்தை மட்டும் நம்ப இயலாது. அறுவை சிகிச்சைக்கு முன் தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம், புட்டிப்பாலுக்கு 6 மணி நேரம் என்னும் கணக்கு, பொதுவாக நலமாயுள்ள குழந்தைகளுக்கு வகுத்தது. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். 6 மணி நேரம் கழிந்தும் பால் தங்கியிருக்கலாம். முன்னதாகவே காலியாகியும் இருக்கலாம். வீணே நீளும் பட்டினியில் கைக்குழந்தையின் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும்.

இங்கே அல்ட்ராசவுண்ட் உதவுகிறது. படுக்கையருகிலேயே, இயன்றால் வலப்பக்கம் சாய்த்து, மேல்வயிற்றில் கருவியை வைத்து இரைப்பையின் கீழ்ப்பகுதியைப் பார்ப்பர். காலி இரைப்பை தட்டையாக ஒட்டியிருக்கும். தெளிந்த நீர் கருமையாகவும் பால் வெளிறியும் தெரியும். ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. வாயு மறைத்துப் படம் தெளியாவிட்டால் மணிக்கணக்கே வழிகாட்டும்.

குழந்தை வாந்தியெடுத்தாலோ வயிறு உப்பினாலோ செவிலியரிடம் உடனே கூறுங்கள். குழாய் எடுத்தபின்னும் அவர்கள் சொல்லும்வரை ஒரு சொட்டு நீரும் வாயில் விடவேண்டாம்.