வீட்டுக் கன்ட்ரோலரின் பக்கம் கம்ப்யூட்டரில் திறக்கவில்லையா?

இரண்டு வருடம் முன்பு ஒரு மாலை, எங்கள் வீட்டு விளக்கு, மோட்டார், கேட் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் ஹோம் அசிஸ்டெண்ட் பக்கம் என் லேப்டாப்பில் திறக்கவில்லை. அது ஓடும் பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி, மெமரி கார்டை உருவி அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். பேக்கப் எடுத்து வைத்திருக்கவில்லை. பல மாதம் உட்கார்ந்து எழுதிய அமைப்புகள் அத்தனையும் போயின. உண்மையில் பெட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை. லேப்டாப்பில் அலுவலக வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அன்று ஆறு மணிக்கு மோட்டார் வழக்கம்போல் தானாக ஓடி நின்றிருந்தது. அதை நினைத்துப் பார்த்திருந்தாலே பெட்டி உயிரோடு இருப்பது புரிந்திருக்கும்.

ஹோம் அசிஸ்டெண்ட் 2013-இல் பாலுஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய இலவச மென்பொருள். ராஸ்பெரி பை போன்ற கையகலப் பெட்டியிலேயே ஓடும். நிர்வாகமெல்லாம் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் பிரவுசர் வழியாகத்தான். கீழே உள்ளவை அதற்கான குறிப்புகள். வேறு கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் எது கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். நேரம் வைத்த விளக்கு தானாக எரிகிறதா? போனில் உள்ள செயலி, வீட்டு வைஃபையில் இருக்கும்போது வேலை செய்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றால் பெட்டி நலம், கோளாறு பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரிலோ நீங்கள் போட்ட முகவரியிலோதான். இரண்டும் இல்லை என்றால்தான் பெட்டியையோ ரவுட்டரையோ சந்தேகப்பட வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எதையும் அழிக்காதீர்கள், எதையும் மறுபடி நிறுவாதீர்கள்.

2. கம்ப்யூட்டரில் வி.பி.என். இருந்தால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். வி.பி.என். ஓடும்போது பல சமயம் வீட்டுக்குள் இருக்கும் கருவிகளே கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தெரியாது. விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனியாக வைத்திருக்கும் கெஸ்ட் வைஃபையில் லேப்டாப் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். மேக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து, உள் நெட்வொர்க்கைத் தொட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்கிறது. பிரவுசர் கேட்டபோது அவசரத்தில் 'வேண்டாம்' அழுத்தியிருந்தால், பிரைவசி அமைப்பில் 'லோக்கல் நெட்வொர்க்' பகுதிக்குப் போய் மறுபடி அனுமதியுங்கள்.

3. முகவரியை முழுதாகத் தட்டச்சு செய்யுங்கள். ஹோம் அசிஸ்டெண்டின் கதவு எண் 8123. பெயருக்குப் பின் முக்கால்புள்ளி வைத்து இந்த எண்ணைப் போடாவிட்டால் பக்கம் வராது. முன்னால் 'எச்.டி.டி.பி.' போதும். பிரவுசர்கள் சில சமயம் தாமாகவே அதில் 'எஸ்' சேர்த்துப் 'பாதுகாப்பான இணைப்பு கிடைக்கவில்லை' என்று பயமுறுத்தும். வீட்டுக்குள் சான்றிதழ் எதுவும் போட்டு வைக்காதவர்கள் அந்த 'எஸ்' எழுத்தை எடுத்துவிட்டால் போதும்.

4. 'டாட் லோக்கல்' என்று முடியும் பெயர் எல்லா ரவுட்டரிலும் எல்லா நாளும் வேலை செய்யாது. பெயருக்குப் பதிலாக ஐ.பி. எண்ணைப் போட்டுப் பாருங்கள், 192.168.1.20:8123 என்பதுபோல். அந்த எண் ரவுட்டரின் பக்கத்தில் 'இணைந்துள்ள கருவிகள்' பட்டியலில் இருக்கும். கரண்ட் போய் வந்தபின் பக்கம் திறக்கவில்லை என்றால், ரவுட்டர் பெட்டிக்கு வேறு எண் கொடுத்திருக்கலாம். ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பெட்டிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். பத்து நிமிட வேலை. வருடக்கணக்கில் நிம்மதி.

5. பக்கம் பாதி வந்து நிற்கிறது, படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்துங்கள். அப்டேட் போட்ட மறுநாள் இது அடிக்கடி நடக்கும். பிரவுசர் பழைய கோப்புகளையே காட்டிக்கொண்டிருக்கும். இன்காக்னிட்டோ ஜன்னலில் நன்றாகத் திறந்தால், சேமித்து வைத்த பழைய தரவுதான் குற்றவாளி. அதை அழித்துவிடுங்கள்.

6. பொறுமையாக இருங்கள். புதிதாக நிறுவியபின் முதல் முறை பக்கம் தயாராக இருபது நிமிடம் வரை ஆகலாம். அப்டேட்டுக்குப் பிறகும் சில நிமிடம் பிடிக்கும். இந்த நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதுதான் பெட்டிக்குச் செய்யும் பெரிய கெடுதல். சந்தேகமாக இருந்தால் அதே ஐ.பி. எண்ணில் 8123-க்குப் பதிலாக 4357 போடுங்கள். உள்ளே இருக்கும் 'அப்சர்வர்' என்ற சின்னக் காவலாளி, பெட்டி இணைப்பில் இருக்கிறதா, நலமாக இருக்கிறதா என்று இரண்டு மூன்று வரியில் சொல்லும். இந்த எண் அதிகம் பேருக்குத் தெரியாது. எனக்கு முன்பே தெரிந்து, போனில் போட்டுப் பார்த்திருந்தால் அன்று கார்டைத் தொட்டிருக்க மாட்டேன்.

7. பெட்டி அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? அடாப்டரைப் பாருங்கள். ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜர் தாங்காது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது பெட்டியிலுள்ள சிவப்பு விளக்கு அணையும். அது விட்டுவிட்டு அணைந்தால் அடாப்டரையோ கேபிளையோ மாற்றுங்கள். பெட்டியையும் ரவுட்டரையும் சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸில் வைப்பது இன்னும் நல்லது. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்திலேயே சில பெட்டிகள் அணைந்து எழுந்துவிடும். மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாட்களில், காலையிலேயே செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் முறையாக ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

8. பெட்டிக்குள் இடம் தீர்ந்துபோனால் பக்கம் மந்தமாகும், பேக்கப் தோல்வியடையும், கடைசியில் திறக்காமலே போகும். வழக்கமாக ஹோம் அசிஸ்டெண்ட் பத்து நாள் வரலாற்றைச் சேர்த்து வைக்கும். நிமிடத்துக்குப் பலமுறை எண் மாறும் மின்மானி சென்சார்கள்தான் அதிகம் எழுதுபவை. தேவையில்லாதவற்றைப் பதிவிலிருந்து விலக்குங்கள். கரண்ட் திடீரென்று போகும்போது தரவுக் கோப்பு கெட்டால், மென்பொருள் அதை 'கரப்ட்' என்ற வாலோடு ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். அந்தப் பழைய கோப்பு அங்கேயே இடத்தை அடைத்துக் கிடக்கும். பார்த்து நீக்குங்கள். மெமரி கார்டு ஓயாமல் எழுதுவதால் தேயும். முடிந்தவர்கள் எஸ்.எஸ்.டி.க்கு மாறலாம்.

9. கையால் அமைப்புக் கோப்பைத் திருத்துபவர்களுக்கு: அந்த யாமல் வகைக் கோப்பில் டேப் விசை கூடாது, இடைவெளி விசைதான். ஓர் இடைவெளி தள்ளிப்போனாலும் பொருள் மாறும். திருத்தியதும் உடனே ரீஸ்டார்ட் செய்யாமல், டெவலப்பர் டூல்ஸில் 'செக் கான்ஃபிகரேஷன்' அழுத்துங்கள். எந்த வரியில் தவறு என்று அதுவே சொல்லும். ரீஸ்டார்ட்டுக்குப் பின் பக்கம் வெறிச்சென்று 'ரிகவரி மோட்' என்று வந்தால் பதற வேண்டாம். எதுவும் அழியவில்லை, கோப்பைப் படிக்க முடியவில்லை என்று சொல்கிறது. கடைசியாகத் தொட்ட வரியைத் திருப்பிப் போடுங்கள்.

10. வெளியாட்கள் எழுதிய துணை நிரல்களைச் சேர்த்திருந்தால், அப்டேட்டுக்குப் பின் முதலில் அவற்றைச் சந்தேகியுங்கள். 'சேஃப் மோட்'டில் ரீஸ்டார்ட் செய்தால் அவை ஏறாது. அப்போது எல்லாம் நன்றாக ஓடினால் காரணம் கிடைத்துவிட்டது. 'லாக்ஸ்' பக்கத்தில் சிவப்பில் திரும்பத் திரும்ப வரும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

11. பக்கம் திறக்கிறது, ஆனால் ஜிக்பீ விளக்குகள் எல்லாம் 'கிடைக்கவில்லை' என்கிறதா? அவற்றோடு பேசும் யு.எஸ்.பி. டாங்கிளைப் பெட்டியின் நீலநிறத் துளையில் நேராகச் செருகியிருக்கலாம். அந்த யு.எஸ்.பி. 3.0 துளை எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் விழுந்து ஜிக்பீயைக் கெடுக்கும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்புத் துளையில் செருகித் தள்ளி வையுங்கள். இவ்வளவு மலிவாகத் தீரும் கோளாறு வேறு இல்லை.

12. பாஸ்வேர்டு மறந்தால் மின்னஞ்சலில் மீட்பு இணைப்பு வராது, கணக்கு உங்கள் பெட்டிக்குள்ளேயே இருப்பதால். பெட்டியோடு ஒரு மானிட்டரும் கீபோர்டும் இணைத்து, அங்கிருந்து கட்டளை கொடுத்துப் புதிய பாஸ்வேர்டு வைக்கலாம். '403' என்று மட்டும் காட்டினால், தவறான பாஸ்வேர்டைப் பலமுறை அடித்ததால் உங்கள் கம்ப்யூட்டரையே அது தடை செய்திருக்கலாம். தடைப் பட்டியல் கோப்பிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

13. பேக்கப். 2025 தொடக்கத்திலிருந்து தானியங்கி பேக்கப் வசதி உள்ளேயே வந்துவிட்டது. அதைப் பெட்டியிலேயே வைத்தால் கார்டோடு அதுவும் போகும். கம்ப்யூட்டரிலோ வேறு டிஸ்க்கிலோ ஒரு பிரதி வையுங்கள். பேக்கப் பூட்டப்பட்டிருக்கும். திறக்கும் சாவி 'எமர்ஜென்சி கிட்' என்ற சிறிய கோப்பில் இருக்கிறது. அதை இன்றே இறக்கி, அச்செடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். சாவி இல்லாத பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது.

14. பெட்டி படுத்துவிட்டாலும் சுவர் சுவிட்ச் விளக்கைப் போட வேண்டும், ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தான் மோட்டாரை ஓட்ட வேண்டும். அப்படி வயரிங் செய்யச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகக் கேளுங்கள். நான் ஊரில் இல்லாத நாளில் அம்மா இருட்டில் நிற்கக் கூடாது. எங்கள் மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். கன்ட்ரோலரின் ஐ.பி. எண், ரவுட்டர் எந்த பிளக்கில், மோட்டாரைக் கையால் போடுவது எப்படி, எலக்ட்ரீஷியன் எண். எழுத்து பெரிதாக, கண்ணாடி இல்லாமல் அம்மா படிக்கும் அளவுக்கு.