தாகம் வரும்வரை காத்திருக்காதீர்கள்

சென்ற வருடம் பாடசாலை மட்ட டெனிஸ் போட்டியொன்றில் முதலாவது செட்டை 6-2 என வென்றேன். இரண்டாவது செட்டில் 4-3 என முன்னிலையில் இருந்தபோது என் வலது கெண்டைக்கால் தசை கல்லைப் போல இறுகியது. சற்று நேரத்தில் தலையும் சுற்றியது. அந்தச் செட்டும் போனது, போட்டியும் போனது. நிழலில் படுத்திருந்த என்னிடம் மிஸ் கேட்டது ஒரே கேள்விதான்: "காலையிலயிருந்து எவ்வளவு தண்ணி குடிச்ச பிள்ளை?"

யோசித்துப் பார்த்தேன். விடியற்காலையில் ஒரு கோப்பை தேநீர். அவ்வளவுதான்.

என்னிடம் தண்ணீர் இல்லாமல் இல்லை. அன்று மாலை பையைத் திறந்த உம்மா, "என்ன மகள், போத்தல் நெறஞ்சபடியே திரும்பி வந்திரிக்கி?" என்று கேட்டார். உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போகவேண்டும். போட்டி நடந்த இடத்தில் பெண்களுக்கென இருந்த ஒரேயொரு கழிவறையின் கதவைப் பூட்ட முடியவில்லை. அதனால் காலையிலிருந்தே குடிப்பதைத் தவிர்த்துக்கொண்டேன். பின்னர் உயர்தர உயிரியல் பாடத்தில் உடலின் நீர்ச்சமநிலை பற்றிக் கற்றபோதுதான் நான் செய்த தவறு எனக்கு விளங்கியது. அதையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் ஓடும்போது தசைகள் பயன்படுத்தும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் பிரதான வழி வியர்வையாகும். ஒரு கிராம் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 2400 யூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் கொழும்பு போன்ற கரையோர நகரங்களில் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதன் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. உடல் குளிர்வதில்லை, நீர் மட்டும் குறைகிறது. முழுக்கையும் ஸ்காஃபும் அணிந்து விளையாடும் நாம் இதை இன்னும் அதிகமாக உணர்வோம். இலேசான, வியர்வையை விரைவில் உலரவிடும் துணியில் விளையாட்டு உடையைத் தைத்துக்கொள்வது பெரிதும் உதவும்.

வெப்பத்தில் டெனிஸ் ஆடும் ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கும் அதிகமான வியர்வையை இழக்கக்கூடும். நீர் குறையும்போது குருதியின் கனவளவு குறைகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கவனம் சிதறுகிறது. உடல் நிறையில் 2 சதவீத அளவு நீரை இழந்தாலே ஆட்டத்திறன் குறையத் தொடங்கும். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவிக்கு அது வெறும் ஒரு லீற்றர்தான்.

குருதி செறிவடைவதை மூளையின் பரிவகக்கீழ் உணர்ந்து தாகத்தைத் தூண்டுகிறது. ஆனால் விளையாட்டின் மும்முரத்தில் தாகம் தெரியும்போது நாம் ஏற்கெனவே கணிசமான நீரை இழந்திருப்போம். தாகம் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும்போதும் இழந்த நீர் முழுவதும் திரும்பியிருக்காது.

பெரிய வீராங்கனைகளும் இதற்கு விதிவிலக்கல்லர். 2018ஆம் ஆண்டு மெல்பேர்னில் நடந்த அவுஸ்திரேலியப் பகிரங்க இறுதிப் போட்டியில் கரோலின் வொஸ்னியாக்கியிடம் மூன்று செட்களில் தோற்ற ருமேனிய வீராங்கனை சிமோனா ஹாலெப், அன்றிரவே நீரிழப்புக்காக மருத்துவமனையில் சிகிச்சை பெற நேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அவர் பிரெஞ்சுப் பகிரங்கப் பட்டத்தை வென்றார். சரியாக மீண்டெழுந்தால் உடல் மீண்டும் ஒத்துழைக்கும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம்.

ஆட்டத்துக்கு முன்

போட்டிக்கான தண்ணீர் குடித்தல் காலையிலேயே ஆரம்பிக்கிறது. ஆட்டத்துக்கு நான்கு மணித்தியாலங்களுக்கு முன்னர் 250 முதல் 350 மில்லிலீற்றர் வரை மெதுவாகக் குடிக்கலாம். நமது நிலையை அறிய இலகுவான வழி சிறுநீரின் நிறமாகும். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் உண்டு. கடும் மஞ்சளாக இருந்தால் இல்லை.

ஆட்டத்தின்போது

டெனிஸ் விதிகள் நமக்குச் சாதகமானவை. ஒற்றை எண் கேம்கள் முடிந்து பக்கம் மாறும்போது 90 செக்கன்கள் கிடைக்கின்றன. செட்டின் முதலாவது கேமின் பின்னர் மட்டும் இருந்து ஓய்வெடுக்க முடியாது. செட் முடிவில் 120 செக்கன்கள் உண்டு. ஒவ்வொரு இடைவேளையிலும் 150 முதல் 200 மில்லிலீற்றர் குடியுங்கள். தாகம் இல்லாவிட்டாலும் குடியுங்கள். ஈரத்துவாயால் கழுத்தையும் முகத்தையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டினால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வியர்வையுடன் சோடியமும் வெளியேறுகிறது. அளவுக்கு மிஞ்சி வெறும் தண்ணீரையே குடித்தால் குருதியில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையவும் கூடும். சிறுகுடலில் சோடியமும் குளுக்கோசும் ஒன்றாகவே உறிஞ்சப்படுகின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. ஜீவனி பக்கற்றில் உப்பும் இனிப்பும் சேர்ந்திருப்பதன் இரகசியம் இதுதான். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். தம்பிலியில் பொற்றாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. எனவே தம்பிலி குடிக்கும்போது உப்புச் சேர்ந்த ஏதாவதொன்றையும் உண்பது நல்லது.

ஆட்டத்தின் பின்

விளையாட முன்னரும் பின்னரும் நிறையை அளந்து பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஒன்றரை லீற்றர் வீதம் அடுத்த சில மணித்தியாலங்களில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் பெரும்பகுதி சிறுநீராகவே வெளியேறும்.

உடனே உட்கார்ந்துவிடாமல் ஐந்து, பத்து நிமிடங்கள் மெதுவாக நடந்து, பின்னர் தசைகளை நீட்டி இளக்குங்கள். தசைகளில் தீர்ந்துபோன கிளைக்கோஜனை நிரப்ப மாப்பொருளும், தேய்ந்த தசையைச் சீர்செய்யப் புரதமும் தேவை. இதற்கு விலையுயர்ந்த பானங்கள் அவசியமில்லை. வாழைப்பழமும் அவித்த முட்டையும், சோறும் பருப்பும் மீனும், ஒரு கிண்ணம் அவித்த கடலை என எமது வீட்டு உணவே போதும். எமது வயதினருக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரையும் வேண்டும். பரீட்சைக் காலத்தில் நாம் முதலில் பலிகொடுப்பது இதைத்தான்.

நோன்பு காலத்தில்

றமழானில் கடும் பயிற்சியைத் தவிர்த்து, நோன்பு திறப்பதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் இலேசான பயிற்சியை வைத்துக்கொள்ளலாம். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, அதன்பின் அருந்தும் நோன்புக் கஞ்சியில் நீர், உப்பு, மாப்பொருள் மூன்றும் உள்ளன. இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை மணிக்கொரு கிளாஸ் எனப் பகிர்ந்து குடியுங்கள். உடல்நிலை மோசமானால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளித்திருக்கிறது.

ஆபத்தை அறிந்துகொள்வோம்

தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு ஏற்பட்டால் ஆட்டத்தை நிறுத்தி நிழலுக்குச் செல்ல வேண்டும். ஒரு வீராங்கனை தடுமாறிப் பேசினாலோ, குழப்பமடைந்தாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அதில் உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டும். உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை காத்திராமல் குளிர்நீரை ஊற்றி உடலைக் குளிர்விக்கத் தொடங்குங்கள். ஸ்காஃபையும் இறுகிய உடையையும் தளர்த்தத் தயங்கவேண்டாம். தோழியர் சுற்றி நின்று துணியால் மறைத்துக்கொண்டால் அவளது மானமும் உயிரும் இரண்டும் காக்கப்படும். நினைவற்றவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

என்னைப் போலவே கழிவறைக்கு அஞ்சித் தண்ணீரைத் தவிர்க்கும் மாணவிகள் ஏராளம். மாதத்தின் சில நாட்களில் இந்த அச்சம் இரட்டிப்பாகிறது. நீரைக் குறைத்துச் சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருந்தால் சிறுநீர்த் தொற்று ஏற்படும் வாய்ப்பும் அதிகரிக்கிறது. உங்கள் மகளின் போத்தல் நிறைந்தபடியே வீடு திரும்பினால் ஏசாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். போட்டி நடக்கும் இடத்தில் பூட்டக்கூடிய, சுத்தமான கழிவறை இருக்கிறதா என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பெரியவர்கள் கேட்டால் பதில் கிடைக்கும்.

தோழியரே, இம்முறை போட்டிக்குச் செல்லும் முன் அணித்தலைவியாக நான் முதலில் விசாரித்தது இதைத்தான். நாளை நீங்கள் மைதானத்துக்குச் செல்லும்போது ராக்கெட்டுடன் இரண்டு போத்தல்களையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டும் வெறுமையாகவே வீடு திரும்பட்டும்.