நட்சத்திர உடையும் நம் வீட்டுத் தையலும்

திரையில் ஒருவர் உடுத்தியதைப் பார்த்து, தானும் அப்படி உடுத்த வேண்டும் என்று ஆசைப்படுவது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. நம் பாட்டிமாரும் அம்மாமாரும் இதைச் செய்திருக்கிறார்கள். அதுவும் மிகக் குறைந்த செலவில் செய்திருக்கிறார்கள். இன்றோ நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டி, "அம்மா, இதே மாதிரி வேண்டும்" என்கிறார்கள். விலையைக் கேட்டால் மாத வாடகையைத் தாண்டுகிறது. "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் மறுத்தால் பிள்ளையின் முகம் வாடுகிறது. வாங்கிக் கொடுத்தால் குடும்பக் கணக்கு வாடுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பெங்களூரில் பல ஆண்டுகளாகப் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்து வரும் நான், என் வகுப்பில் சொல்வதையே இங்கே ஒரு பாடமாகத் தருகிறேன். தையல் தெரியாதவர்களுக்கும் இது பயன்படும். தையல்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் பெண்மணி கற்றுத் தந்த பாடம்

1938ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர் பி. சரோஜா தேவி அவர்கள். 1955இல் 'மகாகவி காளிதாஸ' என்னும் கன்னடப் படத்தில் அறிமுகமானார். 'நாடோடி மன்னன்' (1958), 'கல்யாணப் பரிசு' (1959) ஆகிய படங்களால் தமிழ் மக்களின் உள்ளத்தில் இடம் பிடித்தார். 'கன்னடத்துப் பைங்கிளி' என்று தமிழர் அவரைச் செல்லமாக அழைத்தனர். 2025 ஜூலை 14ஆம் நாள் இதே பெங்களூரில் மறைந்தார். 1960களில் அவருடைய சேலைக்கட்டு, ரவிக்கை, நகை, கொண்டை ஆகியவற்றைப் பார்த்து அப்படியே செய்துகொண்ட பெண்கள் ஏராளம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கல்யாணப் பரிசு', 'பாலும் பழமும்' (1961), 'ஆலயமணி' (1962) ஆகியவை கறுப்பு வெள்ளைப் படங்கள். சேலை சிவப்பா, பச்சையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பட்டா, நைலக்ஸா என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிறகு எதைப் பார்த்து அந்தப் பெண்கள் தைத்துக் கொண்டார்கள்? கை எதுவரை வருகிறது, கழுத்து எவ்வளவு இறங்குகிறது, முந்தானை எப்படி விழுகிறது, கொண்டை எவ்வளவு உயரம் என்பவற்றைத்தான். கொட்டகையில் பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, தெரு முனைத் தையல்காரரிடம் விரலால் அளவு காட்டித் தைத்து வாங்கினார்கள்.

'புதிய பறவை' (1964), 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965), 'அன்பே வா' (1966) என்று வண்ணப் படங்கள் வந்தபோதுதான் நிறமும் சேர்ந்துகொண்டது. ஆனால் முதலில் கற்றது வெட்டைத்தான். இக்கட்டுரையின் சாரமும் அதுவே: உடையின் விலை பெரும்பாலும் துணியிலும் பெயரிலும் இருக்கிறது, அதன் தோற்றமோ பெரும்பாலும் அளவிலும் வெட்டிலும் இருக்கிறது. முதலாவதை நாம் வாங்க முடியாது. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள முடியும்.

இதைவிட எளிய வழியையும் நம் பெண்கள் கண்டார்கள். 1985இல் 'பூவே பூச்சூடவா' வெளிவந்த பிறகு, நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று ஊரெங்கும் பேச்சு. முழு உடையையும் மாற்றத் தேவையில்லை. ஒரு கம்மல் போதும் என்பதை அந்தப் பெண்கள் அறிந்திருந்தார்கள்.

படத்தில் தெரியாதவை

அன்று நடிகையைத் திரையில் மட்டுமே பார்த்தோம். இன்று விமான நிலையத்திலும், கடைவாசலிலும், உடற்பயிற்சிக் கூடத்தின் முன்பும் எடுத்த படங்கள் வருகின்றன. "இது சாதாரண உடைதானே, நாமும் போடலாமே" என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தச் 'சாதாரண' உடையின் பின்னாலும் பலர் வேலை செய்திருக்கலாம். முன்னணி நட்சத்திரங்கள் பலருக்கு உடையைத் தேர்ந்தெடுத்துத் தரவென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. பல உடைகள் விளம்பரத்துக்காக இரவலாகவோ இலவசமாகவோ வருபவை. படப்பிடிப்பில் சட்டை பெரிதாக இருந்தால், பின்பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்து, முன்பக்கத்தை மட்டும் படமெடுப்பதும் உண்டு.

இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். "உனக்கு ஏன் அப்படி அமையவில்லை" என்ற கேள்விக்கு விடை அவள் உடம்பில் இல்லை. அந்தக் கிளிப்பில் இருக்கிறது.

படத்தைப் படிக்க ஐந்து கேள்விகள்

ஒரு படத்தைக் காட்டி 'இது வேண்டும்' என்றால், கடைக்குப் போகுமுன் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதச் சொல்லுங்கள்.

1. எங்கே பிடிப்பு, எங்கே தளர்வு? தோள் தையல் தோளின் மேலே நிற்கிறதா, கைப்பக்கம் இறங்கியிருக்கிறதா? இடுப்பு ஒட்டியிருக்கிறதா, விட்டிருக்கிறதா?

2. ஒவ்வொன்றும் எங்கே முடிகிறது? கை முழங்கைக்கு மேலா, கீழா? குர்தா முழங்காலில் நிற்கிறதா, கெண்டைக்காலுக்கு வருகிறதா? இரண்டு அங்குலம் மாறினால் தோற்றமே மாறிவிடும்.

3. துணி விழுகிறதா, நிற்கிறதா? கிரேப், ஜார்ஜெட், ரேயான், மல் பருத்தி ஆகியவை உடலோடு விழும். ஆர்கன்சா, கஞ்சி போட்ட பருத்தி ஆகியவை விறைப்பாக நிற்கும். விழ வேண்டிய இடத்தில் நிற்கும் துணியை வாங்கினால் எந்தத் தையல்காரராலும் காப்பாற்ற முடியாது.

4. மொத்தம் எத்தனை நிறம்? பெரும்பாலும் இரண்டு, மிஞ்சினால் மூன்று. நாம்தான் ஐந்தாறு சேர்த்துக் கெடுத்துவிடுகிறோம்.

5. கண் முதலில் எங்கே போகிறது? கழுத்துக்கா, பார்டருக்கா, கம்மலுக்கா? அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பணம் செலவழித்தால் போதும். மற்றவை எளிமையாக இருக்கலாம்.

பட்டா, பட்டுப் போன்றதா?

சேலை என்று வரும்போது ஏமாற்றம் அதிகம். நம் மாநிலத்தின் பெருமை மைசூர் பட்டு. 1912இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் மைசூரில் தொடங்கிய நெசவாலையை இன்று கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகம் நடத்துகிறது. முறுக்கேற்றிய நூலில் நெய்த கிரேப் வகை என்பதால் அது குழைந்து விழும். உடலோடு படியும் அந்த அழகுதான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது.

அந்த விழுதல் மட்டும் போதுமென்றால், பாலியஸ்டர் கிரேப்பிலும் ஓரளவு கிடைக்கும். விலை பல மடங்கு குறைவு. அதை வாங்குவதில் வெட்கம் ஏதுமில்லை. போலி என்று தெரிந்து வாங்கினால் சிக்கனம். அசல் என்று நம்பி வாங்கினால் நட்டம். 'சுத்தப் பட்டு, பாதி விலை' என்று யாராவது சொன்னால் இரண்டு சோதனைகள் செய்யலாம். முதலாவது, 'சில்க் மார்க்' அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்த முத்திரை அது. இரண்டாவது, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்ற வைப்பது. பட்டு நூல் முடி கருகும் வாசனையுடன் எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

எல்லாவற்றிலும் மலிவான துணி நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மடிப்பில் இற்றுப்போன பழைய காஞ்சிபுரம் சேலையின் பார்டர் பெரும்பாலும் கெடாமல் இருக்கும். அதை வெட்டி எடுத்து, ஒரே நிறத்துப் பருத்தி ஜாக்கெட்டின் கைகளில் வைத்துத் தையுங்கள். பாட்டியின் சேலை பேத்தியின் கையில் இருக்கும். அந்த வேலைப்பாட்டைப் புதிதாக வாங்கினால் என்ன விலை ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதிதாக வாங்குவோர் பச்சை வழி மெட்ரோவில் சிக்பேட்டில் இறங்கினால், சேலை மொத்தக் கடைகளும் லேஸ், பார்டர், மணி விற்கும் சந்துகளும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. கமர்சியல் தெருவில் ஆயத்த ஆடையும் கம்மலும் கிடைக்கும். மல்லேஸ்வரம் எட்டாவது குறுக்குத் தெருவும், ஜெயநகர் நான்காவது பிளாக்கும் மாலை நேரத்தில் சுற்றிப் பார்க்க ஏற்றவை. படத்தைக் கொண்டு போகாதீர்கள். மேலே சொன்ன ஐந்து விடைகளை எழுதிய சீட்டைக் கொண்டு போங்கள். படத்தைக் காட்டினால் கடைக்காரர் தம்மிடம் இருப்பதையெல்லாம் 'அதே மாதிரி' என்பார்.

காலர் தைத்த கை

என் வகுப்புக்கு ஒரு தாய் வந்தார். பெங்களூரின் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. நாள் முழுவதும் காலர் மட்டுமே தைப்பார். அவர் தைத்த சட்டை கடல் கடந்து போகும். முழுச் சட்டையை அவர் ஒருநாளும் தைத்ததில்லை. கல்லூரியில் படிக்கும் அவர் மகள், ஒரு நடிகை விமான நிலையத்தில் அணிந்திருந்த பெரிய வெள்ளைச் சட்டையைக் கேட்டாள். "நான் தைக்கிற மாதிரிச் சட்டைதான் அக்கா அது. அதை வாங்க என் சம்பளம் காணாது" என்று அவர் சொன்னபோது வகுப்பில் யாரும் பேசவில்லை.

ஆனால் அன்று எங்களுக்கு ஆசிரியர் அவர்தான். ஏற்றுமதியில் மிஞ்சிய சட்டைகள் இந்நகரக் கடைகளில் மலிவாக விற்கின்றன. அவற்றுள் நல்லது எது, கழித்துத் தள்ளியது எது என்று அவர் காட்டினார். சட்டையை முதலில் உள்பக்கமாகப் புரட்ட வேண்டும். ஓர் அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு தையல் இருந்தால் உறுதி. காலரை இரண்டாக மடித்தால் இரு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று அமர வேண்டும். கட்டம் போட்ட துணியானால், சட்டைப் பையில் உள்ள கட்டம் சட்டையின் கட்டத்தோடு சேர வேண்டும். கடைசியாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை உண்டா என்று பார்க்க வேண்டும்.

மகளின் சட்டைக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அப்பாவின் பழைய வெள்ளைச் சட்டை இருந்தது. படத்தைப் படித்தோம்: தோள் தையல் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, உடல் தளர்வு, ஆனால் நீளம் இடுப்புக்குச் சற்றுக் கீழேயே முடிகிறது. அப்பாவின் சட்டையில் தோளும் தளர்வும் தாமாகவே கிடைத்தன, நீளம்தான் அதிகம். கீழே மூன்று அங்குலம் வெட்டி மடித்து அடித்தோம். தேய்ந்த காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்தார் தாய். நூல் விலை மட்டுமே செலவு. மகள் அதை அணிந்து கல்லூரிக்குப் போனாள். யார் தைத்தது என்று கேட்டவர்களிடம், "எங்க அம்மா" என்று சொன்னாளாம். அதுவரை தன் தாயின் வேலையைத் தோழியரிடம் அவள் சொன்னதில்லை.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரு விழாவுக்குச் சேலையும் ஜாக்கெட்டும் வேண்டும். கையில் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பலர் 2,000 ரூபாயைச் சேலைக்கே கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு ஜாக்கெட்டைத் தைக்கிறார்கள். நான் சொல்லும் கணக்கு வேறு:

ஒரே நிறத்து எளிய சேலை – 1,100
ஜாக்கெட் துணி, லைனிங் – 350
தையல் கூலி – 700
ஃபால்ஸ், ஓரம் அடித்தல் – 150
கம்மல் அல்லது வளையல் – 200

இடத்துக்கு இடம் விலை மாறும், விகிதத்தைப் பாருங்கள். தையல் கூலியைக் குறைக்க வேண்டாம். நன்றாக அமைந்த ஜாக்கெட் மலிவான சேலையை உயர்த்திக் காட்டும். அமையாத ஜாக்கெட்டை எவ்வளவு விலையுயர்ந்த சேலையாலும் மறைக்க முடியாது.

தையல்காரரிடம் கொடுக்குமுன்

பருத்தியையும் ரேயானையும் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டக் கொடுங்கள். இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும். அளவு ஜாக்கெட் மட்டும் கொடுத்தால் போதாது. கழுத்து இறக்கம், கை நீளம் இரண்டையும் அங்குலத்தில் எழுதிக் கொடுங்கள். பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது உள்ளே துணி விடச் சொல்லுங்கள்; உடல் பருத்தாலும் பிரித்துப் போடலாம். விழாவுக்குப் பத்து நாள் முன்பே வாங்கி, கையை உயர்த்தியும் உட்கார்ந்தும் போட்டுப் பாருங்கள். பேசிய கூலியைத் தாமதிக்காமல் கொடுங்கள். நம் அழகு அவர் கையில் இருக்கிறது.

வீட்டுப் பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் சேர்ந்து உட்காருங்கள். பிள்ளைக்குப் பிடித்த படம் ஒன்று, அம்மாவுக்குப் பிடித்த பழைய நடிகையின் படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஐந்து கேள்விகளின் விடைகளை எழுதுங்கள். பிறகு அலமாரியைத் திறந்து, அவ்விடைகளில் எத்தனை வீட்டிலேயே கிடைக்கின்றன என்று எண்ணுங்கள். கிடைக்காததை மட்டும் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் புறப்படுங்கள். சீட்டு சிறியதாகத்தான் இருக்கும்.