எட்டு மில்லிமீட்டரில் தொடங்குங்கள்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் தோல் வேலை பார்த்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், ரத்த வாந்தியோடு எங்கள் கேத் லேப் மேசைக்கு வந்தார். கல்லீரல் சுருங்கி, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாய்ச் சிரை புடைத்து வெடித்திருந்தது. எண்டோஸ்கோபியில் வளையம் போட்டும் நிற்கவில்லை. 'டிப்ஸ்' செய்தோம்: கழுத்துச் சிரை வழியே இறங்கி, கல்லீரல் சிரையிலிருந்து ஊசியால் துளைத்துப் போர்ட்டல் சிரையைப் பிடித்து, நடுவில் ஸ்டென்ட் வைத்து வழி திறப்பது. அலமாரியில் உறையில்லாத ஸ்டென்ட்தான் இருந்தது. ரத்தம் நின்றது. ஏழாம் மாதம் அது அடைத்து, அதே வாந்தியோடு திரும்பி வந்தார்.

நான் டெக்னீஷியன். டாக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பவன். அலமாரியில் இல்லாததை எந்த டாக்டராலும் கேட்க முடியாது என்பதை அன்று கற்றேன்.

1988-ல் ஜெர்மனியில் மனிதருக்கு முதன்முதலில் டிப்ஸ் பாதையில் உலோக ஸ்டென்ட் வைத்தபோது இருந்தது வெறும் கம்பி வலை. துளைத்த கல்லீரல் திசு அதன் கண்கள் வழியே வளர்ந்து, பித்தமும் கசிந்து, பாதையை மூடிவிடும். பி.டி.எஃப்.இ. உறை போட்ட ஸ்டென்ட் வந்த பிறகுதான் பாதை நீண்ட நாள் திறந்திருக்கிறது. அதிலும் போர்ட்டல் பக்கம் 2 செ.மீ. உறையின்றி விட்டிருப்பார்கள், குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குப் போகட்டும் என்று. உறை, கல்லீரல் சிரை பெருஞ்சிரையில் சேரும் இடம்வரை எட்ட வேண்டும். குட்டையாகப் போனால் அந்த முனையிலேயே அடைக்கும். அதனால் அளவுக்குறி போட்ட கதீட்டரால் பாதையை அளந்து, ஒரு செ.மீ. கூட்டியே எடுக்கச் சொல்வார்கள். கண்மதிப்பில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு நீளத்திலும் ஒன்றாவது கையிருப்பில் இருக்கட்டும்.

விட்டம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பெரிய வழி திறந்தால் அழுத்தம் இறங்கும். ஆனால் கல்லீரல் சுத்தம் செய்யாத ரத்தம் நேராக மூளைக்கு ஏறி, நினைவைக் குழப்பும். செம்பூரில் ஒரு அக்கா, "தம்பி, இவிய என்னையே யாருன்னு கேக்காவ" என்று என் கையைப் பிடித்து அழுதார். அவர் கணவருக்கு 10 மி.மீ. வரை விரித்திருந்தார்கள். இப்போது 8-லிருந்து 10 வரை தேவைக்கேற்ப விரிக்கும் ஸ்டென்ட் கிடைக்கிறது. ரத்தப்போக்குக்காகச் செய்யும்போது முதலில் 8 மி.மீ. பலூனால் விரித்து, இரு பக்க அழுத்தத்தையும் அளந்து பாருங்கள், வித்தியாசம் 12 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அளக்கும் முன் டிரான்ஸ்டியூசரை இதய மட்டத்தில் வைத்து 'ஜீரோ' செய்யுங்கள். அது பிசகினால் எல்லா முடிவும் பிசகும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உறையுள்ள ஸ்டென்ட் விலை அதிகம். பணம் இல்லையென்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். மாநகராட்சி மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இருப்பார், நாள் குறிக்கும் முன்பே அவரைப் பாருங்கள். வீட்டுக்குப் போனபின் லாக்டுலோஸ் மருந்தை நிறுத்தாதீர்கள். பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், பேச்சு குழறினால், அன்றைக்கே கூட்டி வாருங்கள்.