உப்புக்காற்று ஊரில் காருக்குப் பட்டி பார்க்க

ஏர்வாடி போன்ற கடலோர ஊர்களில் கார் ஒடுங்கிப் பெயிண்ட் பெயர்ந்தால் அப்படியே விடாதீர்கள். உப்புக்காற்றில் சீக்கிரம் துரு ஏறிவிடும்.

• நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, நன்றாக உலர விடுங்கள்.

• ஆழமான ஒடுக்கை முதலில் தட்டி நிமிர்த்துங்கள். 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தகரம் பளிச்சிடும்வரை தேயுங்கள்.

• 100 கிராம் பட்டிக்கு ஏறத்தாழ 2 கிராம் ஹார்டனர் சேர்த்து, ஒரே நிறமாகும்வரை குழையுங்கள். வெயிலில் சட்டென்று இறுகிவிடும். நிழலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைப்பதே நல்லது.

• மெல்லிசாக, அடுக்கடுக்காகப் பூசுங்கள். கனமாக அப்பினால் வெடிக்கும்.

• இறுகியதும் 180, பிறகு 320 நம்பர் தாளால் தேயுங்கள். கண்ணுக்குத் தப்பும் மேடுபள்ளம் உள்ளங்கைக்குத் தப்பாது.

• பட்டி ஈரத்தை உறிஞ்சும். அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

• தூசி நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் கட்டாயம்.