காயம்பட்ட கையும் கித்தாரும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாலாஜாபேட்டை கைகளை நம்பி வாழ்ந்த ஊர். பட்டு நெய்த கைகளும், சுற்றுப்புறத்து ஆலைகளில் தோல் பதனிடும் கைகளும், தியாகராஜ சுவாமிகளின் கிருதிகளை எழுதி வைத்துக் காத்த வேங்கடரமண பாகவதரின் கையும் இம்மண்ணின் பெருமைகள். ஆகவே, தோல் சீவும் இயந்திரத்தில் இடக்கை சிக்கி, அறுவை சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பிய எங்கள் தெரு இளைஞர் ஒருவர், தேவாலயப் பாடகர் குழுவில் தாம் வாசித்து வந்த கித்தாரை உறையிலிருந்து எடுத்து, ஆள்காட்டி விரலால் முதல் தந்தியை அழுத்தி மீட்டியபோது, நாதம் எழாமல் கட்டையைத் தட்டினாற்போல் 'டப்' என்ற ஓசை மட்டும் கேட்டதையும், அவர் முகம் வாடியதையும் அருகிருந்து கண்ட எனக்கு, அத்துக்கம் அவ்வீட்டாருக்கு மட்டும் உரியதாகத் தோன்றவில்லை. சூழ நின்றவர்கள் பரிவோடு சொன்ன யோசனைகளில் பாதி பிழையானவை. பரிவினால் சொல்லப்பட்ட பிழையும் கையைக் கெடுக்குமாதலால், அவற்றை இங்கே ஒவ்வொன்றாக ஆராய்கிறேன்.

நம்பிக்கை: மேலே தையல் போட்டு ரத்தம் நின்றுவிட்டால் போதும், மடங்காத விரல் நாளடைவில் தானே மடங்கும், அல்லது கட்டுப் போட்டால் கூடிவிடும்.

உண்மை: விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது; அதன் இழுப்பை விரல் நுனிவரை கொண்டு சேர்ப்பது தசைநாண். நாண் முற்றும் அறுந்துபோனால் அதன் மேல்முனை தசையின் இழுப்பினால் உள்நோக்கிச் சுருங்கிவிடும். வெளியே எத்தனை இறுக்கமாகக் கட்டினாலும் பிரிந்த முனைகள் கூடமாட்டா. எலும்பு முறிவுக்குரிய நியாயம் இதற்குப் பொருந்தாது. முதல் சில தினங்களுக்குள் கை அறுவை நிபுணரைக் காண்பது அவசியம்.

நம்பிக்கை: முழுவதும் ஆறும் வரை விரலை அசைக்கவே கூடாது.

உண்மை: தசைநாண் குறுகிய உறையொன்றினுள் வழுக்கி ஓட வேண்டியது; தைத்த நாணை வாரக்கணக்கில் அசையாமல் வைத்திருந்தால், தழும்பு உறையோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். இந்த அச்சத்தினாலேயே, உள்ளங்கைக்கும் விரலின் நடுவுக்கும் இடைப்பட்ட பகுதியில் அறுந்த நாணை உடனே தைப்பதற்கு ஒரு காலத்தில் வைத்தியர்களே தயங்கினார்கள். 1960-களில் அமெரிக்காவின் ஹெரால்டு கிளைனெர்ட் முதலியோர், நாணை உடனே தைத்து, கையைச் சட்டத்தில் பொருத்தி, ரப்பர் பட்டையின் துணையால் ஆரம்ப நாட்களிலேயே விரலை மெல்ல இயக்கும் முறையைக் கையாண்டு, அத்தயக்கத்தை நீக்கினார்கள். ஆயினும் இது சிகிச்சையாளர் வகுத்துக் கொடுத்த அளவுக்கு உட்பட்ட அசைவு. முதல் வாரங்களில் தையலிட்ட நாண் பலவீனமாக இருப்பதால், ஆர்வத்தில் கித்தாரைத் தொட்டுத் தந்தியை அழுத்தினால் அது மீண்டும் அறுந்துபோகக்கூடும். முழுப் பலத்தோடு பற்றுவதற்குப் பொதுவாக 12 வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்தால்தான் விரல் திருந்தும்.

உண்மை: இந்தக் கூற்றை மறுக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1914-ல் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அந்நோய் நரம்பைக் கெடுத்து வலியை அகற்றிவிடுவதனாலேயே, கொதிக்கும் பாத்திரத்தையும் கூரிய கருவியையும் உணராமல் பற்றி, புண்பட்ட விரலையே மேன்மேலும் உபயோகித்து அவர்கள் கைகளை இழக்கிறார்கள் என்பதை எடுத்துக்காட்டினார். வலி இல்லாத கை தன்னைக் காத்துக்கொள்ளாது என்ற இந்தப் பாடம், நமது அண்டையிலேயே கற்கப்பட்ட பாடம். அப்பியாசத்தின்போது தோன்றிச் சிறிது நேரத்தில் அடங்கும் இழுப்பைப் பொறுக்கலாம். மறுநாள் காலையிலும் நிலைத்து நிற்கும் வலியும் வீக்கமும் அளவு மீறிவிட்டதென்ற எச்சரிக்கையாகும்.

நம்பிக்கை: மரத்துப்போன விரலுக்கு இனி உணர்ச்சி வராது.

உண்மை: அறுந்த நரம்பைச் செவ்வனே தைத்தால், அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டில் அறுபட்ட நரம்பு விரல் நுனியை எட்ட ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். திரும்பும் ஸ்பரிசமும் பழைய நிலைக்கு முற்றும் ஒத்திராமல் போகலாம். அதைப் பழக்குவதற்கு ஒரு வழி, கண்ணை மூடிக்கொண்டு பல பொருள்களைத் தடவி இனம் காண்பது. எங்கள் ஊர் இளைஞர் பட்டுத் துணி ஒன்றையும், சொரசொரப்பான தோல் துண்டு ஒன்றையும், வழவழப்பான தோல் துண்டு ஒன்றையும் இதற்கென்றே வைத்திருக்கிறார்.

நம்பிக்கை: கட்டுப் பிரித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

உண்மை: விரல் நுனியில் காய்த்திருந்த தோல் அதற்குள் மெலிந்திருக்கும், தசையும் தளர்ந்திருக்கும். வைத்தியர் அனுமதித்த பின், நாளில் சில முறை ஐந்து ஐந்து நிமிடங்களாகத் தொடங்கி, நைலான் தந்தியையோ மெல்லிய கம்பியையோ பூட்டி, கேப்போ என்னும் தந்திப்பிடியைப் போட்டு, விரல்கள் அதிகம் அகல வேண்டாத மெட்டுகளில் இரண்டு விரல் கார்டுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: விரல் குறைந்தால் வித்தை போயிற்று.

உண்மை: 1928-ல் தீ விபத்தில் இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிய கித்தார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், எஞ்சிய இரு விரல்களையே பிரதானமாகக் கொண்டு புதிய வாசிப்பு முறையை உண்டாக்கினார். இடக்கைப் பழக்கமுடையவராதலால் வலக்கையால் மெட்டுகளை அழுத்தி வந்த மற்றொரு கித்தார் கலைஞர் டோனி ஐயோமி, 1965-ல் பர்மிங்ஹாம் ஆலையொன்றில் அக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அப்போது அவர் பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தொப்பிகள் செய்து, அவற்றின் மீது தோலை ஒட்டி விரல்களில் மாட்டிக்கொண்டு, மெல்லிய தந்திகளால் மீண்டும் வாசித்தார். தோலைத் தொட்டு வாழும் நமக்கு இந்த வரலாறு அந்நியமாகுமா? பிராண்டும் வேலூரில், செயலிழந்த விரல்களுக்குப் பலமுள்ள தசையின் நாணை மாற்றித் தைத்து, அதற்குப் புதிய வேலையைக் கற்பித்தார். 1954-ல் நேர்ந்த விபத்தினால் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். இவர்களெல்லாம் பழைய நிலையே திரும்ப வேண்டுமென்று காத்திராமல், இருக்கும் நிலைக்கேற்ற வழியைக் கண்டவர்கள்.

எங்கள் தெரு இளைஞருக்கு இது எட்டாம் மாதம். மோதிர விரல் இன்னும் முழுவதும் மடங்கவில்லை. ஆயினும் தினந்தோறும் விளக்கேற்றும் வேளையில் ஐந்து நிமிடம் வாசிக்கிறார். சென்ற வாரம் அதே ஆள்காட்டி விரலால் முதல் தந்தியை அழுத்தியபோது நாதம் தெளிவாக எழுந்தது. அவருடைய தாயார் அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்று கேட்டார்.